பயணம் சொல்லிவிட்டு வந்தவர்

என் கணவர் வெளிநாட்டுச் சபுர் வாழ்க்கையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக வீடு வந்து சேர்ந்து ஏழு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெரு முழுக்கப் பயணம் சொல்லிவிட்டு வந்தார்.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பிழைப்புக்குச் சபுர் என்று பெயர். போகிறவர் சபுராளி. கிளம்புவதற்கு முந்தின நாள் சபுராளி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார். "நாளைக்குப் பயணம், துஆ செய்யுங்க" என்பார். பயணம் சொல்வது என்றால் இதுதான். ஒரு வீட்டை விட்டுவிட்டால் பத்து வருஷத்துக்கு அதுவே பேச்சாக இருக்கும். வந்தவருக்கு வீட்டுக்காரர்கள் குடிக்க ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்த கையோடு, அந்த நாட்டில் இருக்கிற தங்கள் பிள்ளைக்கு ஒரு பார்சலையும் கொடுத்துவிடுவார்கள். சர்பத்தைக் குடித்துவிட்டுப் பார்சலை வேண்டாம் என்று சொன்ன சபுராளி எங்கள் ஊரில் இதுவரை பிறக்கவில்லை.

அன்றைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டபோது அஸர் தொழுகைக்குப் போகிறார் என்று நினைத்தேன். மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் இரண்டு கையிலும் பைகளோடு வந்தார். ஒன்றில் மாசிக் கருவாட்டுத் தூள். இன்னொன்றில் நார்த்தங்காய் ஊறுகாய், டப்பாவுக்கு மேல் மூன்று பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. மூன்றாவதில் ஒரு ஜோடி தோல் செருப்பு. ரியாத் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத அளவில் கால் வளர்த்து வைத்திருக்கும் யாரோ ஒரு பிள்ளைக்கு.

"எல்லாருட்டயும் சொல்லிட்டேன் புள்ள. பெட்டியக் கட்டிடலாம்" என்றார்.

"எங்க போறீங்க?"

"எங்கயா? லீவு முடிஞ்சிபோச்சே."

எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடுகிற ஆள் இல்லை என்பது அரை நிமிஷம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயங்கள் எல்லாமே அப்படித்தான், கொஞ்சம் தாமதமாக வரும். அதற்கு நான் பொறுப்பில்லை.

இருபத்தெட்டு வருஷம் ரியாத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் லீவு. பதிமூன்று லீவு. கல்யாணம் முடிந்து முதல் பயணத்துக்கு முன்னால் கிடைத்த நாற்பது நாளையும் சேர்த்துக் கூட்டினால், இருபத்தெட்டு வருஷத்தில் இரண்டேகால் வருஷம் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம். அதிலும் அவர் விருந்துக்குப் போன நாள், நிலம் பார்க்கப் போன நாள், தரகரோடு தாலுக்கா ஆபீசில் உட்கார்ந்திருந்த நாள் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். நான் கழிக்கவில்லை. மனசு தாங்காது.

ஒவ்வொரு லீவும் ஒரே மாதிரி நடக்கும். முதல் பத்து நாள் அவர் மாப்பிள்ளை. வெட்கப்படுவார், பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார், எதைச் சமைத்தாலும் பிரமாதம் என்பார். அடுத்த நாற்பது நாள் புருஷன். உப்பு கூடிப்போச்சு, பிள்ளைகள் படிக்கவில்லை, வாய்க்காலில் தண்ணீர் வந்து நாலு நாளாகியும் வயலுக்கு ஏன் திருப்பவில்லை. கடைசிப் பத்து நாள் பயணி. கடிகாரத்தைப் பார்ப்பார், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்ப்பார், பேசினால் காதில் விழாது. ஆள் இங்கே இருக்கும்போதே மனசு பம்பாய் போய் விமானம் ஏறியிருக்கும்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்தெட்டு வயதில் ஒரேயடியாக வந்துவிட்டார். எங்களுக்குள் சண்டை ஆரம்பமானது அப்போதுதான். லீவில் யாரும் சண்டை போட மாட்டார்கள், நாள் வீணாகிவிடும். தான் கட்டிய வீட்டில் எந்த சுவிட்சு எந்த விளக்குக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. மின்விசிறியைப் போடப் போய் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, கரண்டுக்காரனைத் திட்டுவார். நான் எத்தனை மணிக்குத் தூங்குவேன், எதற்குக் கோபப்படுவேன் என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ள நாலைந்து வருஷம் ஆனது. தினமும் சண்டை. வீட்டில் சண்டை போட ஒரு ஆள் நிரந்தரமாக இருக்கிறது எவ்வளவு பெரிய சுகம் என்பதைச் சபுராளி பெண்டாட்டிகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஒருவர் குறட்டை ஒருவருக்குப் பழகி முடித்த நேரத்தில்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. எனக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த மனுஷன் இனிமேல் இந்த வீட்டில் இருக்க வேண்டும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு லாத்தா வந்துவிட்டார். என்னைவிட மூத்தவர், எங்களில் அக்காவுக்கு லாத்தா என்று பெயர். ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

"ஏம்மா, இந்த வயசுல அவங்கள எதுக்கு அனுப்புற? மவன் ஒன்னும் அனுப்புறதில்லையா?"

"அதெல்லாம் அனுப்புறான் லாத்தா. சும்மா ஒரு வேலையா போறாங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் சர்க்கரை வியாதி என்று தாராளமாகச் சொல்லலாம். பிரஷர் சொல்லலாம். பைபாஸ் என்றால் பெருமையாகவே சொல்லலாம், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். புத்தியில் ஒரு சின்னக் கோளாறு என்றால் மட்டும் குரலைத் தாழ்த்தி உச்சுக் கொட்டி, ஜின்னு பிடித்ததாக முடிவு கட்டி, எந்த ஹஜ்ரத்திடம் தாயத்து கட்டலாம் என்று யோசனை சொல்வார்கள். அதற்குப் பயந்து ஒரு பொய் சொன்னேன். அந்த ஒரு பொய்க்கு ஊர் மூன்று கதை கட்டியது. துபாயில் இருக்கிற என் மகன் யாரோ ஒரு பிலிப்பைன்காரியைக் கட்டிக்கொண்டு பெற்ற அத்தாவைக் கைவிட்டுவிட்டான் என்பது முதல் கதை. அமெரிக்காவில் இருக்கிற மகள் வீடு வாங்கி மாட்டிக்கொண்டாள் என்பது இரண்டாவது. எனக்கு இரண்டாவது மாடி கேட்கிறது என்பது மூன்றாவது. மூன்றாவதைத்தான் நிறையப் பேர் நம்பினார்கள். நம்பியதில் தப்பும் இல்லை, முதல் மாடி அப்படித்தான் வந்தது.

பார்சல்களை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு நாள் பீரோவில் வைத்திருந்தேன். துணியெல்லாம் மாசி வாசம் பிடித்துக்கொண்டது. கடைசியில், உண்மையாகவே ரியாத் கிளம்பிய ஒருவர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சி அவரிடம் கொடுத்தனுப்பினேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். ஊறுகாய் ஒழுகாமல் வந்தது, செருப்பு சரியாக இருந்தது என்று அங்கிருந்து அம்மாக்களுக்குப் போன் வந்தது. ஆள் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பார்சல் ரியாத் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் இதில் அதிசயம் எதையும் பார்க்கவில்லை. கொடுத்ததைச் சேர்ப்பிக்கிற ஆள் என்று அவருக்கு நல்ல பெயர் வந்ததுதான் மிச்சம்.

அடுத்த வாரம் மறுபடியும் பயணம் சொல்லப் போனார். ஐந்து பார்சலோடு வந்தார். அதற்கடுத்த வாரம் எட்டு. நாலாவது முறைக்குள் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் சர்பத்தையும் பார்சலையும் யாரும் நிறுத்தவில்லை. பயணம் சொல்ல வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினார்கள் என்ற பேச்சு யாருக்கு வேண்டும். "தெரியும்மா, இருந்தாலும் வாசல் தேடி வந்துட்டாங்களே" என்றார் லாத்தா. நான் கூரியர் ஆபீசுக்கு வாடிக்கையாளராகிவிட்டேன். அவருக்கு ஒரு நாளைக்கு ஒன்பது வீட்டில் ரோஸ் மில்க். சர்க்கரை ஏறியது.

சர்க்கரையைக் காட்டத்தான் முதலில் தஞ்சாவூருக்குப் போனோம். அந்த டாக்டர் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். நரம்பு டாக்டர் சின்ன வயதுப் பையன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமை சார்?"

"வெள்ளிக்கிழமை. கடை லீவு."

அன்றைக்குத் திங்கட்கிழமை.

"பக்கத்துல இருக்கறவங்க யாரு?"

"வீட்ல" என்றார் அவர்.

"அவங்க பேரு என்ன?"

என்னைப் பார்த்தார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மறந்து போறதுக்கு அவங்க பேர நான் எப்ப டாக்டர் கூப்பிட்டேன்" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே தாளில் ஒரு சைபர் போட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவர் சொன்னது உண்மை. நேரில் புள்ள, கடிதத்தில் அன்புள்ள மனைவிக்கு. முப்பத்தைந்து வருஷமாக அவர் வாயால் என் பெயரைக் கேட்டதில்லை என்பதை ஒரு பரீட்சையில் அவர் தோற்றுப்போன அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இது வளருமே தவிரக் குறையாது என்று டாக்டர் விளக்கினார். "அவர் சொல்றத மறுத்துப் பேசாதீங்கம்மா. ஆமாம்னு சொல்லி வேற பேச்சுக்கு மாத்திடுங்க" என்றார். நிக்காஹ் அன்றைக்கு என் தாயாரும் இதையேதான் சொன்னார். அவர் ஃபீஸ் வாங்கவில்லை.

வீட்டில் ஆமாம் போட ஆரம்பித்த பிறகுதான் அந்த வியாதியின் போக்கு எனக்குப் பிடிபட்டது. லீவு முழுவதும் ஒரே நாளில் நடந்து முடிந்தது. காலையில் மாப்பிள்ளை, மத்தியானம் புருஷன், சாயங்காலம் பயணி. விடிந்து எழுந்ததும் என்னைப் பார்த்து வெட்கப்படுவார். "உனக்கு என்ன வேணும் சொல்லு, அடுத்த தடவ வாங்கியாறேன்" என்பார். நானும் ஒரு நாள் மிக்ஸி, ஒரு நாள் கம்பளி, ஒரு நாள் தையல் மெஷின் என்று சொல்வேன். மத்தியானம் சாப்பாட்டில் குறை சொல்வார். இருபது வருஷமாகக் குத்தகைக்கு விட்டிருக்கும் வயலில் நாற்று நட்டாகிவிட்டதா என்று கேட்பார். நட்டாகிவிட்டது என்பேன். எந்த மாதமானாலும் எங்கள் வீட்டில் சம்பா நட்டாகிவிட்டது. அஸருக்குப் பிறகு வெள்ளைச் சட்டை.

உண்மையைச் சொன்னால், காலை நேரம் எனக்குப் பிடித்திருந்தது. பதிமூன்று முறை மட்டும் கிடைத்த முதல் நாள் இப்போது தினமும் கிடைத்தது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் எனக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

பிள்ளைகள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். மகள் அமெரிக்காவிலிருந்து ஞாபக சக்திக்கு மாத்திரை அனுப்பினாள். டப்பாவைப் பிரித்து முகர்ந்தால் மஞ்சள் தூள். எங்கள் கொல்லையில் விளைகிற மஞ்சள், உறை போட்டுக்கொண்டு, ஆங்கிலம் பேசிக்கொண்டு விமானத்தில் வந்திருந்தது. மகன் துபாயிலிருந்து ஒரு தொடுதிரை டேப் அனுப்பினான், அதில் படத்தைப் பார்த்து ஜோடி சேர்க்கிற விளையாட்டு. அவர் அதை எட்டாக மடித்த பாலிதீனில் சுற்றி, பக்கத்துத் தெருப் பையனுக்கு ரியாத்தில் கொடுப்பதற்காகப் பெட்டியில் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று தேசத்துக் குடும்பமும் செல்போன் திரையில் கூடும். மகளுக்குக் காலை, மகனுக்குச் சாயங்காலம், எனக்கு அதற்கும் ஒன்றரை மணி நேரம் பிந்தி. அத்தாவின் வியாதி பற்றி அவர்கள் படித்த அளவுக்கு நரம்பு டாக்டரும் படித்திருக்க மாட்டார். எனக்குப் புரியாத வார்த்தைகளைச் சொல்லி ஒருவருக்கொருவர் திருத்திக்கொள்வார்கள். அவர் திரையை எட்டிப் பார்த்து, "யாரு புள்ள இவங்க, நல்லாப் பேசுறாங்களே" என்பார். மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான், மகள் காபி எடுக்க எழுந்து போவாள். அப்புறம் மறுபடியும் ஆரம்பிப்பார்கள்.

அந்த வருஷம் நோன்பு முடிந்த பிறகு ஒரு நாள், நான் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தெரு, பள்ளிவாசல், டீக்கடை, மன்னார்குடி பஸ் நிற்கிற இடம், குளத்தங்கரை என்று எங்கும் ஆள் இல்லை. செருப்பு போடாமல் ஓடினேன். அந்த மூன்று மணி நேரத்தை நான் எழுதப் போவதில்லை. கடைசியில் திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். பம்பாய்க்கு எந்த பஸ் என்று ஒவ்வொரு கண்டக்டராகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். எட்டு டப்பா ஊறுகாய் இருந்தது, மாற்றுத்துணி ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டார்கள். சென்னைக்கு வெளியே மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றை மகன் தேடிப் பிடித்தான். படம் காட்டினான். புல்வெளி, ஏசி அறை, சீருடை போட்ட நர்சுகள், வரிசையாகக் கட்டில். ரியாத்தில் அவர் இருந்த கேம்ப்பின் படமும் இப்படித்தான் இருக்கும், புல் மட்டும் கிடையாது.

"அத்தா எப்பவும் போகணும் போகணும்னுதானம்மா கேக்குறாங்க. போகட்டுமே" என்றான் மகன். "நீங்க எங்கூட துபாய் வந்துடுங்க. பேரனப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்."

குற்றம் சொல்ல இடமே இல்லாத ஏற்பாடு. போக விரும்புகிறவர் போகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தவிக்கிற வீட்டுக்கு ஆள் கிடைக்கிறது. மருமகள் வேலையை விட வேண்டியதில்லை. என் நிம்மதியும் பட்டியலில் இருக்கிறது. "உங்க இஷ்டம்" என்றேன். என் வாழ்நாளில் நான் அதிகம் சொன்ன பதில் இதுதான். அதற்கு அடியில் என் இஷ்டம் ஒன்று கிடக்கிறதே, யாராவது தோண்டி எடுத்துப் பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் காத்திருப்பேன். யாரும் தோண்டியதில்லை.

மகன் பத்து நாள் லீவில் வந்தான். அவனும் பெட்டியைத் திறந்து பேரீச்சம்பழமும் கம்பளியும் எடுத்துக் கொடுத்தான். அப்புறம் அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "விசா வந்துடுச்சு அத்தா" என்றான். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றி ஏஜெண்ட் தம்பி. மூனு மாசமா உங்க ஆபீசுக்கு நடையா நடக்குறேன்" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். முப்பது வயது தாண்டிய பிள்ளை, கொல்லைப் பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வந்தான். பத்து நாளும் அவன் ஏஜெண்ட் தம்பியாகவே இருந்தான். சாப்பிடும்போது அவர், "ஏஜெண்டுக்குப் பெரிய மீனா வை" என்பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தெரு முழுக்கப் பயணம் சொன்னார். இந்த முறை ஊருக்கு அது உண்மை என்று தெரியும். எந்த ஊருக்குப் போகிறார் என்பதும் தெரியும். லாத்தா அவர் தலையில் கை வைத்து துஆ செய்துவிட்டு, உள்ளே போய் அழுதுவிட்டு, மாசித் தூள் பார்சலோடு வந்தார். ரியாத்தில் இருக்கிற பேரனுக்கு. சென்னைக்குப் போகிற வேனில் மகன் பதினோரு பார்சலையும் ஏற்றினான். ஒன்றைக்கூட விட முடியவில்லை, எல்லா வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலை பத்து மணிக்கு வேன் தயார். சபுராளி கிளம்பும்போது பெண்டாட்டி நடந்துகொள்ள வேண்டிய முறை ஒன்று இருக்கிறது. நடைக்கு உள்ளே நிற்க வேண்டும். அழக் கூடாது, பயணத்துக்கு ஆகாது. "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். ரைஸ் மில் திருப்பத்தில் வண்டிச் சத்தம் மறைந்த பிறகு அழுதுகொள்ளலாம், அதற்கு அனுமதி உண்டு. பதினாலு முறையும் நான் ஒழுங்காகச் செய்திருக்கிறேன். மறுநாளே கடிதமும் எழுதியிருக்கிறேன். முதலில் பாத்ரூமுக்கு டைல்ஸ் கேட்டு எழுதினேன். அப்புறம் ஃப்ரிட்ஜ், மகளுக்கு நகை, மகனை எஞ்சினீயரிங்கில் சேர்க்க, மாடி. ஒவ்வொன்றும் இரண்டு வருஷம். ஊர் என்னைப் பற்றிக் கட்டிய கதையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவர் போனார் என்று நான் புலம்பிக்கொண்டிருந்த காலம் பூராவும் அனுப்பிக்கொண்டிருந்தது நான்தான்.

அவர் ஷூ போட்டு, கோட்டு மாட்டி, கையில் பாஸ்போர்ட் பையோடு நடைக்கு வந்தார். பாஸ்போர்ட்டை மட்டும் மகன் முன்ஜாக்கிரதையாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"வரட்டா?" என்றார்.

போயிட்டு வாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போகாதீங்க" என்றேன்.

"அம்மா" என்றான் மகன். குழந்தையைக் கண்டிக்கிற குரல்.

அவர் என்னையே பார்த்தார். "என்ன சொன்ன?"

"போகாதீங்க. இங்கயே இருங்க. எனக்கு நீங்க இங்க இருக்கணும்."

சொல்லிவிட்டு அழுதேன். வேன் வாசலில் நிற்கும்போதே, லாத்தாவும் டிரைவரும் தெருவும் பார்க்க, சத்தமாக அழுதேன். அறுபது வயதில் இப்படி ஒரு காட்சி. வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

அவர் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். விரல் சரியாக ஒத்துழைக்கவில்லை, நேரம் பிடித்தது. அப்புறம் மற்றதை அவிழ்த்தார். மகனைப் பார்த்து, ஏஜெண்டிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்.

"தம்பி, வீட்ல வேணாங்குறாங்க. ஆபீஸ்ல சொல்லிடுங்க. பாஸ்போர்ட்ட மட்டும் குடுத்துட்டுப் போங்க."

"அத்தா, எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு. அங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"அதான் வேணாங்குறாங்களே தம்பி."

இதற்கு மேல் இதில் பேச என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இத்தன தடவ போனேன். ஒரு தடவயாவது இத நீ சொன்னியா?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் போகவில்லை. இன்று வரைக்கும் போகவில்லை. மகன் பாஸ்போர்ட்டை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு வெளியே போனான். வேன்காரனிடம் ஏதோ சொன்னான், பிறகு தெருவில் நின்றபடியே தங்கைக்குப் போன் போட்டான். எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து, எதுவும் கேட்காமல், வேனிலிருந்து தங்கள் பார்சலை எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. இத்தனை வருஷமும் என் மனசில் இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் என் முன்னால் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்பவே சொல்லியிருந்தா நின்னிருப்பீங்களா?" என்றேன்.

அவர் நன்றாக யோசித்தார். பதில் சொல்ல வேண்டும் என்ற அக்கறை முகத்தில் தெரிந்தது. என் தோளில் கையை வைத்தார்.

"எப்போ?" என்றார்.

பதினாலு பயணத்தில் எதைச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.